கண்மறைப்பு ஜெபம்

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு, "நான் அன்னிக்கி வரவே இல்லயே" என்று சொன்னவர்கள் பாதிப் பேர். பாஸ்டர் இருந்தார். திருப்பத்தூரிலிருந்து பைக்கில் மலையேறி வந்தவர், ஹெல்மெட்டைப் பிரசங்க மேசைக்கு அடியில் வைத்திருந்தார். சபை மூப்பர் இருந்தார். முன்னால் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி அவருடையது, மற்றவர்களுக்குப் பாய். மூப்பரின் மனைவி இருந்தார். வேலைக்குக் கிளம்பவிருந்த ஆண்களில் பாதிப் பேரும், அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் இருந்தார்கள். என் அம்மா இருந்தாள். நான் இருந்தேன். அண்ணி, மேடிட்ட வயிற்றோடு, சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். என் அண்ணன் இல்லை. அவன் மூப்பரின் ஜீப்பில் புதூர்நாட்டுக்குச் செருப்பு வாங்கப் போயிருந்தான். என் அப்பா இல்லை. அவர் ஊர்ச் சாமிக்குப் பொங்கல் வைக்கிறவர், சபைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மூப்பரின் மகனும் இல்லை. அவன் வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தான். நாங்கள் எந்த வேலைக்காக அன்றைக்கு உபவாசம் இருந்தோமோ அந்த வேலைக்கு அவன் ஒருமுறைகூடப் போனதில்லை.

எங்கள் மலையில் சாமையும் கேழ்வரகும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ஆண்கள் வெளியே போவார்கள். குடகுக்குக் காபி பறிக்கப் போவது ஒரு வகை. எல்லை தாண்டி ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டப் போவது இன்னொரு வகை. எங்கள் சபையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: வெளியூர் வேலை. ஆனால் யார் எதற்குப் போகிறார்கள் என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். காபி பறிக்கப் போகிறவனை யாரும் முன்னால் கூப்பிட்டு முழங்கால் போட வைப்பதில்லை. மரம் வெட்டப் போகிறவனுக்கு மட்டும் கண்மறைப்பு ஜெபம் உண்டு.

அந்த ஜெபம் வந்த கதை இதுதான். சில வருஷங்களுக்கு முன் எங்கள் சபையைச் சேர்ந்த சிலர் காட்டில் புதருக்குள் பதுங்கிக் கிடந்தபோது, வனத்துறை ஆட்கள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நடந்துபோனார்கள். பார்க்கவில்லை. திரும்பி வந்தவர்கள் சபையில் நின்று அழுதுகொண்டே சாட்சி சொன்னார்கள். அடுத்த ஞாயிறு பாஸ்டர், தன்னைப் பிடிக்க வந்த சேனையின் கண்களைக் குருடாக்கும்படி ஒரு தீர்க்கதரிசி ஜெபித்ததையும், அப்படியே நடந்ததையும் பிரசங்கித்தார். அந்தத் தீர்க்கதரிசி யாருடைய மரத்தையும் வெட்டப் போகவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. கேட்டவர்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அது வழக்கமானது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, மூப்பர் வாங்கிக் கொடுக்கும் வெள்ளைக் கர்ச்சீப்புகளை மேசைமேல் வைத்து, பாஸ்டர் எண்ணெய் தொட்டு ஜெபித்து, ஒவ்வொருவர் வலது மணிக்கட்டிலும் கட்டிவிடுவார். போன முறை ஆட்கள் போய்வந்ததும் சபைக் கூரைக்குத் தகரம் வந்தது. அதற்கு முந்தின முறை ஸ்பீக்கர் பெட்டி வந்தது. எல்லாம் மூப்பர் காணிக்கை. மரம் வெட்ட ஆள் சேர்த்து அனுப்புகிறவர் அவர்தான். அவர் கையில் ஆட்கள் இருந்தார்கள், ஜீப் இருந்தது, மலைக்குக் கீழே இருந்து போன் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் அதை ஆசீர்வாதம் என்று சொல்லிக்கொண்டோம்.

வருஷப் பிறப்பன்று எங்கள் சபையில் ஒரு டப்பாவிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். உயர்த்துவேன், பெருகப்பண்ணுவேன், கூடவே இருப்பேன் என்கிற வகை அட்டைகள். ரோஜாப்பூப் படம் போட்டிருக்கும். அதே வேதத்தில் பாதிப் புத்தகங்கள் எச்சரிப்பாகவே இருக்கின்றன. தூங்குகிறவனை உலுக்குகிற வசனம் ஒன்றையும் யாரும் அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. அச்சடித்தாலும் விற்காது. பாஸ்டரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "பிரதர், ஜனங்க ஏற்கனவே கஷ்டத்துல இருக்காங்க. அவங்கள தேத்தணும்" என்றார். தேற்றித் தேற்றி எங்களை எந்த அளவுக்குத் தூங்க வைத்திருந்தார் என்பது அந்த வெள்ளிக்கிழமை தெரிந்தது.

அண்ணி நெல்லிவாசல் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் விசுவாசத்துக்கு வந்தாள். சபையில் சத்தமாகப் பாடமாட்டாள், கையைத் தூக்கமாட்டாள், அன்னிய பாஷை பேசமாட்டாள். அன்றைக்கு ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில், உலையில் அரிசி போட்டாயிற்று என்று சொல்கிற குரலில் பேசினாள்.

"ஒண்ணு சொல்லணும் ஐயா. கொஞ்ச நாளா நெஞ்சுலயே நிக்குது, எறங்க மாட்டேங்குது. இந்தக் கண்மறைப்பு ஜெபத்த நான் கேக்கலன்றாரு கர்த்தரு. இனியும் கேக்க மாட்டேன்றாரு. கண்ணக் கட்டு, கண்ணக் கட்டுன்னு கேட்டீங்களே, கட்டிட்டேன், உங்க கண்ணதான் கட்டிட்டேன்றாரு. இந்தத் தடவ யாரையும் அனுப்பாதீங்க. காட்டுல காலு வெக்கறதுக்கு முன்னாடியே புடிபடுவாங்க."

மூப்பரின் மனைவி சிரித்தார்.

"ஏம்மா, புருஷன வூட்லயே வெச்சிக்கணும்னா அத்த நேரா சொல்லேன். சாமிய எதுக்கு நடுவுல இழுக்குற?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி, "மாசமா கீறா இல்ல, வாய் ருசி கேக்குது" என்றாள். இன்னொருத்தி, "ஆவி வந்தா இப்பிடியா பேசுவாங்க? ரேஷன் கடையில சக்கர இல்லன்னு சொல்ற மாதிரி சொல்றா" என்றாள்.

பாஸ்டர் கையைத் தூக்கி அமைதிப்படுத்தினார். "தீர்க்கதரிசனத்த நிதானிச்சிப் பாக்கணும் சிஸ்டர். ரெண்டு மூணு பேர் மூலமா உறுதிப்படணும். வேற யாருக்காவது இப்பிடி ஒரு வார்த்தை வந்திருக்கா? வந்திருந்தா கையத் தூக்குங்க."

யார் தூக்குவார்கள்? அந்தக் கூடத்தில் இருந்தவர்களின் வீடுகளில் பாதி ஏற்கெனவே மூப்பரிடம் முன்பணம் வாங்கியிருந்தது. தாங்கள் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஆவியானவர் தங்களுக்கே வந்து சொல்ல வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நான் எழுந்தேன்.

"எனக்கு அப்பிடி வார்த்தை எதுவும் வரல பாஸ்டர். ஆனா திருடாதேன்னு வேதத்துல இருக்குது. அதுக்கு ரெண்டு மூணு பேர் உறுதிப்படுத்தணுமா?"

மூப்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "தம்பி, உக்காரு. நீ பி.எட். படிச்ச காசு எந்த மரத்துல காச்சிச்சின்னு உங்க அண்ணன கேட்டுட்டு வந்து பேசு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அண்ணன் குடகுக்குப் போய் மிளகும் காபியும் பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தான் என்று அந்த நிமிஷம் வரை நம்பியிருந்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாதது எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. பாஸ்டர் அடுத்த பாட்டைத் தொடங்கினார். ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினார்கள்.

பொழுது சாய்வதற்குள் செய்தி அண்ணனுக்குப் போய்விட்டது. புதுச் செருப்போடு வீட்டுக்குள் வந்தவன், "இன்னா தீர்க்கதரிசியம்மா, சோறு ஆச்சா?" என்றான்.

அண்ணி தட்டை வைத்தாள். "போவாத."

"போயித்தான் ஆவணும். தோ பாரு." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். அரசாங்கத் திட்டத்தில் கட்ட ஆரம்பித்த எங்கள் வீடு, ஜன்னல் உயரத்தில் நின்றுபோய், செங்கல்லில் செடி முளைத்துக் கிடந்தது. "கொழந்த பொறக்கறதுக்குள்ள மூடணும். இந்த ஒரு தடவ. அப்பறம் இவன் வாத்தியார் ஆயிடுவான், நான் கால் மேல கால் போட்டுக்குவேன்."

"நான் படிச்ச காசும் அங்கிருந்துதான் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இன்னாடா இப்ப? படிச்சதெல்லாம் வாந்தி எடுக்கப் போறியா?"

வாசலில் உட்கார்ந்து கொடுவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த அப்பா உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "எங்க சாமி பூசாரி மேல வந்து இந்த வருசம் அந்த மேட்டுல வெதைக்காதன்னா வெதைக்க மாட்டோம். பூசாரிக்கு இதுல இன்னா லாபம்னு கேக்க மாட்டோம். உங்க சாமி வேணாம்னு சொன்னா மட்டும் கையத் தூக்கச் சொல்லி ஓட்டு போடுறீங்க. இன்னா சாமிடா அது, பஞ்சாயத்து தலைவரா?"

எங்களைக் கிண்டல் செய்யத்தான் அப்பா சொன்னார். அவருக்கு அண்ணன் போவதில் ஆட்சேபணை இல்லை. அவருக்கும் கூரை வேண்டும். ஆனாலும் அவர் கேட்டது சரிதான். பயப்படத் தெரியாத ஒரு விசுவாசத்துக்கு எங்களைப் பழக்கியிருந்தார்கள். அன்பான தேவன், அன்பான தேவன் என்று சொல்லிச் சொல்லி, அவர் கோபப்பட மாட்டார், மறுக்க மாட்டார், வாயே திறக்க மாட்டார் என்கிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வரிசையாக முழங்கால் போட்டார்கள். அண்ணனும் போட்டான். மேசைமேல் கர்ச்சீப்புகள், புதுத் துணியின் மொடமொடப்பு போகாமல், மடித்து அடுக்கியிருந்தன. பாஸ்டர் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தபோது அண்ணி எழுந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்துபோய், மேலே இருந்த கர்ச்சீப்பை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மூக்கைச் சிந்தி, மறுபடி மேசைமேலேயே வைத்தாள். பிள்ளைகள் பொத்துக்கொண்டு சிரித்தார்கள். மூப்பரின் மனைவி எழுந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"வெக்கமா இல்ல? சபையில நிக்கிற ஞாபகம் கீதா?"

"எனக்குக் கீது. உங்களுக்குத்தான் இல்ல."

பாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்து சொந்தக் கர்ச்சீப்பை எடுத்து அண்ணன் கையில் கட்டினார். அதுவும் வெள்ளைதான். கண்களை மூடி, சத்துருவின் கண்களை மறைக்கும்படி உருகி ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. நல்ல ஜெபம் என்றுகூடச் சொல்வேன், அந்த மனிதருக்கு ஜெபிக்க வரும். பிறகு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் அண்ணியைத் தாண்டிப் போயின. "சிஸ்டர் மனந்திரும்புகிறவரைக்கும்" என்று மைக்கில் சொன்னார். மரம் வெட்டப் போகிறவர்களுக்கு அப்பம் கிடைத்தது.

மறுநாள் காலையில் மூப்பரின் ஜீப் எல்லோரையும் அடிவாரத்தில் இறக்கிவிட்டு வந்தது. மூப்பர் இறங்கும்போதே கையை உதறிக்கொண்டு இறங்கினார்.

எங்கள் ஊரில் டவர் கிடைப்பது ஒரு பாறைமேல்தான். அங்கே ஏறி நிற்கும்போதுதான் என் போனில் அந்தப் படம் வந்து விழுந்தது. எந்தெந்தக் குழுவையோ சுற்றி வந்திருந்த படம். ஒரு காவல் நிலைய வாசலில் எங்கள் ஆட்கள் தரையில் குத்தவைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அரிசிப் பை, மிளகாய்ப்பொடிப் பொட்டலம், பிடி போடாத கோடாலிகள். பின்னால் போலீஸ்காரர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அண்ணன் தலையைக் குனிந்திருந்தான். அவனைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். ஒவ்வொருவன் வலது கையிலும் வெள்ளைக் கர்ச்சீப் இருந்தது.

காட்டின் ஓரத்தைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. எல்லை தாண்டி இரண்டாவது பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் நின்றபோது பிடித்துவிட்டார்கள். முதலில் வெளியே வந்தவர்களில் ஒருவன் பிற்பாடு சொன்னான்: "கூட்டத்துல தனித்தனியாத்தான் நின்னோம். ஒருத்தன ஒருத்தன் பாக்கக்கூட இல்ல. அந்த போலீசு நேரா வந்து ஒவ்வொருத்தன் கையா தூக்கிப் பாத்தான். 'இன்னாடா, கபடி டீமா?'ன்னு கேட்டான். தமிழ்லயே கேட்டான்."

கண்ணில் படக்கூடாது என்று கட்டிய துணி அவர்களை ஒவ்வொருவராக எடுத்துக் காட்டியது. இதை நான் கதைக்காக ஜோடிக்கவில்லை. ஜோடித்திருந்தால் இவ்வளவு முட்டாள்தனமாக ஜோடித்திருக்க மாட்டேன்.

இனி சபை தூக்கத்திலிருந்து எழுந்துவிடும் என்று நினைத்தேன். எழவில்லை, புரண்டு படுத்தது. அந்த ஞாயிறே பாஸ்டர் "உபத்திரவம்" என்று பிரசங்கித்தார். ஆதிச் சபையில் அப்போஸ்தலரைச் சிறையில் போட்டார்கள், சபை ஊக்கமாக ஜெபித்தது, கதவு தானாகத் திறந்தது. ஆகையால் நாமும் ஆளுக்கொரு நாளாகச் சங்கிலி உபவாசம் இருப்போம். திருடப் போனவர்கள் ஒரே வாரத்தில் இரத்தசாட்சிகளாகிவிட்டார்கள். வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு மூப்பரின் மனைவி, "வக்கீல நம்புறதா, கர்த்தர நம்புறதா? படிச்சவங்களுக்கு விசுவாசம் கம்மிதான்" என்றார். பெண்கள் தலையாட்டினார்கள். அதே சமயத்தில் மூப்பர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வக்கீலைப் பிடித்துப் பேசி முடித்திருந்தார். பிடிபட்டவர்கள் வாயைத் திறந்து அவர் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே. ஜெபம் எங்களுக்கு, வக்கீல் அவருக்கு.

பழி அண்ணிமேல் விழுந்தது. குழாயடியில் அவளுக்கு முன்னால் குடத்தை இழுத்துப் போட்டார்கள். "இவ வாய்லருந்து வந்துச்சு, அப்பிடியே பலிச்சுது. கரிநாக்கு." வேத வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள், கர்த்தர் எச்சரித்தார் என்பதை நம்ப முடியாமல், கரிநாக்கை நம்பினார்கள். ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா என் புருஷன் வந்துருப்பான் இல்ல?"

அண்ணி குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ காத தொறந்து வெச்சிருந்தா அவன் போயே இருக்கமாட்டான் இல்ல?"

அந்த வாரம் பாஸ்டரும் மூப்பரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பட்டப்பகல். அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அம்மா பாய் போட்டாள். மூப்பர் உட்காரவில்லை.

பாஸ்டர்தான் ஆரம்பித்தார். "சிஸ்டர், நடந்தது நடந்துபோச்சு. சபையில ஒருமனம் இல்லாததாலதான் ஜெபம் தடைபடுதுன்னு எனக்குள்ள ஒரு பாரம். ஞாயித்துக்கெழம முன்னாடி வந்து நின்னு, 'நான் சொன்னது கர்த்தரால இல்ல, மாம்சத்துல, என் இஷ்டத்துக்குப் பேசிட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"சொன்னா?"

மூப்பர் பதில் சொன்னார். "சொன்னா உன் புருஷனையும் என் வக்கீலு பாத்துக்குவாரு. மத்தவங்களோட சேந்து வெளிய வந்துடுவான். செலவு என்து. புள்ள பொறக்கும்போது வூட்ல இருப்பான்."

அவருக்கு ஏன் அது தேவைப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சொல் அப்படியே நின்றால் இனி ஒருவனும் அவர் ஜீப்பில் ஏறமாட்டான். பாஸ்டருக்கும் தேவைதான். அது உண்மை என்றால், அவர் அதற்கு எதிராக மைக்கில் பேசினார் என்பதும் உண்மை.

அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்ததானம்மா. சொல்லிடு. உன்ன கையெடுத்துக் கும்புடுறேன். அவன் வந்துடட்டும், அப்பறம் நீ இன்னா வேணா நம்பிக்கோ."

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்திருக்க வேண்டும், அண்ணி கையை அங்கே வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "என் புருஷனுக்காகப் பொய் சொல்றதுக்கெல்லாம் நான் பயப்படுறவ இல்ல ஐயா. போலீசு வந்தப்பகூட அவரு குடகுக்குப் போனாருன்னுதான் சொன்னேன். இது நான் சொன்ன சொல்லா இருந்தா இப்பவே வாபஸ் வாங்கிக்குவேன். ஆனா என்து இல்லயே. அடுத்தவங்க குடுத்தனுப்பினத நான் எப்பிடி இல்லன்னு சொல்றது?"

"அடுத்தவங்க குடுத்தனுப்பினதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் மூப்பர்.

"எனக்கு வேணும்னு நான் கேட்டிருந்தா, எல்லாரும் நல்லபடியா வருவாங்கன்னுதான் கேட்டிருப்பேன்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "பிரதர், நீங்க படிச்சவங்க. எடுத்துச் சொல்லுங்க."

அண்ணியும் என்னைத்தான் பார்த்தாள். "தம்பி, நீ இன்னா சொல்ற?"

அவளுடைய புருஷன் என் அண்ணன். என் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் அவன் கைக்காயம். ஒரே வார்த்தையில் அவனை வெளியே கொண்டுவரலாம். அம்மா என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாயில் வந்தது இதுதான்: "சொல்லாதீங்க அண்ணி."

மூப்பர் செருப்பை மாட்டினார். "அப்ப உங்க கேஸ நீங்களே பாத்துக்கங்க. உங்க சாமி குடுத்தனுப்புவாரு, வாங்கிக்கங்க." போகிற வழியில் அப்பாவிடமும் ஏதோ சொன்னார். அப்பா பதிலுக்கு அவர் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னார், அதை எழுத முடியாது.

மற்றவர்களுக்கு மழை பிடிப்பதற்குள் ஜாமீன் கிடைத்தது. ஜீப்பில் வந்து இறங்கினார்கள். சபையில் ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது, கதவு திறந்த சாட்சி சொன்னார்கள், பிரியாணி போட்டார்கள். அந்த வாசனை எங்கள் வீடு வரை வந்தது. அண்ணி அன்றைக்குப் பிரசவ வலியில் புதூர்நாட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெண் குழந்தை. சபையிலிருந்து ஒருவரும் பார்க்க வரவில்லை. அம்மா ஒருத்திதான் கூட இருந்தாள், அவளும் அண்ணியோடு பேசவில்லை.

நான் மொழி தெரியாத கோர்ட்டு வாசல்களில் நின்றேன். எங்களுக்கு வாய்த்த வக்கீல் தேதிக்குத் தேதி சிரித்துக்கொண்டே, "நெக்ஸ்ட் டைம், ஷ்யூர்" என்பார். எங்கள் புளிய மரங்களை வரப்போகிற வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துக் மலைக்குக் கீழே இருக்கிற ஒரு வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டோம். ஆடுகள் போயின. வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கம்பியும் போயிற்று. அப்பா ஒவ்வொன்றையும் பிடித்துக் கொடுக்கும்போது எங்கள் சாமியையும் அவர் சாமியையும் சேர்த்துத் திட்டினார்.

அண்ணன் பனிக்காலத்தில் வந்தான். மெலிந்து, காதோரம் நரைத்து, தவழத் தொடங்கியிருந்த மகளைத் தூக்கத் தெரியாமல் தூக்கினான். அவள் அலறினாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அண்ணியிடம் அவன் பேசிய முதல் பேச்சு இது:

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஆடி மாசமே வந்துருப்பேன். ஜெயில்ல கூட இருந்தவனுங்கதான் சொன்னானுங்க. மெய்யா?"

"மெய்தான்" என்றாள் அண்ணி.

அவன் அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. சபைக்கும் போகவில்லை. மரம் வெட்டவும் போகவில்லை. எதனால் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. பயமா, கால்வலியா, அவள் சொன்னது அவனுக்குள் எங்காவது இறங்கியதா, எனக்குத் தெரியாது.

நான் இப்போது ஞாயிறுகளில் வீட்டிலேயே அண்ணிக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறேன். அட்டையில் அச்சடிக்காத பக்கங்களாகப் பார்த்து வாசிக்கச் சொல்கிறாள். சபை அங்கேயேதான் இருக்கிறது. போன மாதம்கூட ஒரு கூட்டம் ஜீப்பில் இறங்கிப் போனது. கண்மறைப்பு ஜெபமும் நடந்தது. ஒரே ஒரு மாற்றம்: கர்ச்சீப்பை இப்போது கையில் கட்டுவதில்லை, சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். கர்த்தர் அனுப்பிய எச்சரிப்பிலிருந்து எங்கள் சபை கற்றுக்கொண்ட பாடம் மொத்தமே அவ்வளவுதான். இதை எழுதினால் சபையைக் காட்டிக்கொடுக்கிறேன் என்பார்கள். சொல்லட்டும். தொட்டில் கயிறு அறுவது தெரிந்தும் தாலாட்டுப் பாடுகிற இடத்தைச் சபை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் என்னிடம் கேட்டான். "என் கேஸ நீங்களே பாத்துக்கிட்டீங்களே, மொத்தத்துல எவ்ளோடா ஆச்சு?"

நான் சொல்லத் தயங்கினேன். அண்ணி அவன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்."